மூணு கூடைக்கு ஒரு கூடை

எங்கள் பக்கம் மக்காச்சோளம் மனுஷனுக்கு இல்லை, கோழிக்கு. இதை முதலில் சொல்லாமல் நான் மேலே எதையும் சொல்ல முடியாது. பாடாலூரிலிருந்து பெரம்பலூர் போகிற வழியில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின மட்டும் அதுதான் நிற்கும். பச்சைக் கதிராக இருக்கையில் நாலு ஒடித்துச் சுட்டுத் தின்போம், பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுப்போம். முற்றிக் காய்ந்து மணியாகிவிட்டால் அது தீவனம். லாரி வரும், நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளுக்கு அள்ளிக்கொண்டு போகும், பிறகு முட்டையாகத்தான் அதை நாங்கள் கண்ணால் பார்ப்போம். அந்த மணியை அரைத்து உலையில் போடலாம் என்று எங்கள் தெருவில் ஒருத்திக்கும் தோன்றினதில்லை.

நான் பிறந்தது செந்துறைப் பக்கம், முந்திரிக்காடு. கல்யாணமாகி இந்தக் கரிசல் மண்ணுக்கு வந்த புதிதில் சோளத்தட்டை கையை அறுக்கும்போதெல்லாம் என் அப்பாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறேன். அப்புறம் பழகிவிட்டது. கதிர் அடிக்கிற மிஷின் எங்கள் வீட்டில் இருப்பதால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லோரும் எங்கள் களத்துக்குத்தான் வருவார்கள். மிஷின் என் வீட்டுக்காரர் பொறுப்பு. மூட்டை பிடிப்பது, வாயைத் தைப்பது, எதை எதோடு கலப்பது, எல்லாம் என் பொறுப்பு. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். பத்துப் பெண்களை ஒரு அதட்டலில் வேலைக்கு உட்கார வைத்துவிடுவேன்.

கலப்பது என்றேன் இல்லையா, அதைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பொங்கல் கழிந்து நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் யாருக்கும் சிமெண்ட் களம் பெரிதாகக் கிடையாது. அடித்த சோளத்தை ஹைவேஸ் ஓரத்து சர்வீஸ் ரோட்டில்தான் பரப்பிக் காய வைப்போம். அந்த வருஷமும் ஊர்ச் சோளம் மொத்தமும் ரோட்டில் கிடந்தது. தார்ப்பாயை இழுத்து மூடி, மேலே கல்லை வைத்து, மூன்று நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலாம் நாள் தார்ப்பாயைத் தூக்கினபோது உள்ளேயிருந்து சூடு அடித்தது, கூடவே ஒரு முடைநாற்றம். அடிப்பக்கத்து மணியெல்லாம் முனையில் பச்சைப் பொடி பூத்துக் கிடந்தது. பூசணம்.

இப்படி ஆனால் எங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மூணு கூடை நல்ல சோளம், ஒரு கூடை பூசணம் பிடித்தது. இரண்டையும் கொட்டி மண்வெட்டியால் புரட்டி மூட்டை பிடித்துவிடுவோம். இதை யாரும் ஒளித்து மறைத்துச் செய்வதில்லை. என் மாமியார் செய்தார், நான் செய்தேன், பக்கத்துக் களத்திலும் அதேதான். லாரிக்காரன் குத்தூசியை மூட்டையில் செருகி ஒரு கை மணி எடுத்துப் பார்ப்பான். ஒன்றிரண்டு கறுப்பு தெரியும். மூஞ்சியைச் சுளிப்பான், ஏற்றிக்கொள்வான். அவன் கொண்டுபோகிற இடத்தில் வேறு ஊர்ச் சோளத்தோடு மறுபடியும் கலந்துவிடுவார்கள், கோழிக்கு ஒன்றும் ஆகாது, அப்படியே ஏதாவது ஆனாலும் கோழிதானே என்பது எங்கள் நினைப்பு.

அந்த வருஷம் அந்த நினைப்பும் பலிக்கவில்லை. தீவனக் கம்பெனிக்காரர்கள் பூசணம் சோதிக்கிற மிஷினில் வைத்துப் பார்த்து இரண்டு லாரியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோழிக்கு ஆகாதாம். களத்தில் வந்து திரும்ப இறங்கின மூட்டைகளைப் பார்த்து என் நாத்தனார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் காட்டுச் சோளம்தான் அதில் பாதி.

ஒரு வாரம் கழித்து ஒரு ஏஜென்ட் வந்தான். எந்த ஊர்க்காரன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, போன் நம்பர் மாத்திரம் கொடுத்தான், அதுவும் இப்போது எடுப்பதில்லை. திரும்பி வந்த மூட்டைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். சாக்கு அவனே தருவானாம். கலக்கிறதை நாங்கள் எப்போதும்போலக் கலந்துகொள்ளலாமாம். அரியலூர் குடோனில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் அவன் வேலை முடிந்ததாம். எங்களுக்கு அவன் சாமி மாதிரித் தெரிந்தான்.

சாக்கு வந்தது. வெள்ளை வெளேரென்று புத்தம் புதுசு. தீவனத்துக்கு ஒட்டுப்போட்ட சாக்கு வந்துதான் எங்களுக்குப் பழக்கம். இதில் நம் கொடியின் மூன்று நிறமும் பட்டையாக அச்சடித்து, கீழே இங்கிலீஷில் இரண்டு வரி எழுதியிருந்தது. நான் ஒன்பதாவது வரை படித்தவள். இந்தியா என்ற எழுத்தைக் கூட்டிப் படித்தேன். கிஃப்ட் என்ற சொல்லும் தெரிந்தது. அதுதான் மிக்ஸி வாங்கினால் கரண்டி கிஃப்ட் என்று எல்லா அட்டைப்பெட்டியிலும் போட்டிருக்கிறானே. அதற்குக் கீழே இருந்த பெரிய பேரைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. எங்கே போகிறது என்று கேட்டதற்கு ஏஜென்ட், வெளியூருக்கு என்றான். வெளியூர்க் கோழிக்கு வந்த வாழ்வைப் பாரு, புதுச் சாக்கில் சாப்பிடுது என்று நாத்தனார் சொல்ல, களமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்னை ஓங்கி ஒரு அறை விடலாம்போல இருக்கிறது.

மூன்று லோடு போனது. முதல் லோடில்தான் பூசணம் அதிகம். கெட்டதை முதலில் தள்ளிவிடுவோம் என்று மூணுக்கு ஒன்றுகூட இல்லாமல் இரண்டுக்கு ஒன்றாகவே கலந்துவிட்டோம். நாலாவது லோடுக்கு மூட்டை பிடித்துக்கொண்டிருந்த அன்றைக்குக் காலையில் காலேஜ் சார் போன் பண்ணினார். அவர் விவசாயக் கல்லூரியில் வாத்தியார், நல்ல மனுஷன், முன்பு படைப்புழு வந்தபோது காட்டுக்காடாக ஏறி இறங்கி மருந்து சொன்னவர். வெளிநாட்டு அம்மா ஒருவர், ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் விவசாய அதிகாரியாம், நம் நாட்டு கவர்மெண்ட் செலவில் இங்கே ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கிறாராம். நேற்று ரஞ்சன்குடிக் கோட்டையைக் காட்டினார்களாம், அது வேண்டாம், சோளம் போடுகிற ஆட்களைக் காட்டுங்கள் என்று பிடிவாதம் பிடிக்கிறாராம். மத்தியானம் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விருந்தாளி என்றதும் எனக்குச் சமையல்தான் ஞாபகம் வந்தது. சின்ன வெங்காயச் சாம்பாரும், கத்திரிக்காயும், அப்பளமும் வைத்தோம்.

அந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். நல்ல உயரம், தலையில் துணி சுற்றி முடிந்திருந்தார். களத்து ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சோளம் கிடக்கிற இடத்தில் செருப்போடு நடக்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. நேராக அடுக்கி வைத்திருந்த வெள்ளை மூட்டைகளிடம் போனார். அச்சடித்த எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். திரும்பும்போது கண்ணில் தண்ணீர் நின்றது.

சார் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். அந்த அம்மாவின் ஊரில் இரண்டு போகமாக மழை இல்லை. காடு காய்ந்துவிட்டது. அந்த நாட்டுக்கு நம் நாடு சோளம் கொடுக்கிறது. அதில் கொஞ்சம் இந்தப் பக்கத்தில்தான் வாங்குகிறார்கள் என்று யார் யாரையோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். சாக்கில் இருக்கிற அந்தப் பெரிய பேர் அவருடைய நாட்டின் பேர்.

"குடுக்கிறது கவர்மெண்டா இருக்கட்டும், வெளைய வச்சவங்க முகத்தைப் பார்த்து நன்றி சொல்லணும்னுதான் வந்திருக்காங்க," என்றார் சார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. நான் கேட்டேன், "அவங்க ஊர்ல கோழிப்பண்ணை அவ்வளவு இருக்குங்களா சார்?"

சார் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே மூட்டையைக் காட்டினார், வலது கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனார், பிறகு மூன்று விரலைக் காட்டினார். மூன்று வேளையும் அதுதான் அவர்களுக்குச் சாப்பாடு. கம்பங்களி மாதிரி கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டுக் கிண்டிச் சாப்பிடுவார்களாம். குழந்தைக்குக் கஞ்சியும் அதுதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த கோணி ஊசி கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. களத்தில் பத்துப் பெண்கள் இருந்தோம். எங்கள் காலடியிலேயே கெட்ட சோளக் குவியல் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. நாத்தனார் மெதுவாக நகர்ந்து போய் அந்தத் தார்ப்பாயின் நுனியைக் காலால் இழுத்துச் சரியாக மூடினாள்.

அந்த அம்மா அதோடு விடவில்லை. இந்தச் சோளத்திலேயே தன் ஊர்ச் சாப்பாட்டைத் தன் கையால் கிண்டி எங்களுக்குப் போட வேண்டுமாம். பக்கத்தில் மாவு மில் இருக்கிறதா என்று கேட்டார். நான் வீட்டுக்கு ஓடி, விதைக்கென்று எடுத்து வைத்திருந்த நல்ல சோளத்தை ஒரு படி அள்ளிக்கொண்டு வந்தேன். அவர் தலையை ஆட்டினார். அது வேண்டாம், என் நாட்டுப் பேர் போட்ட சாக்கிலிருந்து எடுங்கள் என்று காட்டினார். அதுவும் நியாயம்தானே, அதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். முறத்தை அவரே எடுத்துக்கொண்டு மூட்டை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

நாத்தனார் என் காதருகே வந்து, "அண்ணி, மேல் வரிசையில இருக்கிறதப் பிரிங்க. அது கலக்காதது," என்றாள்.

உண்மைதான். குத்தூசி போடுகிறவனுக்காக மேல் வரிசையில் நாலு மூட்டை சுத்தமாக வைத்திருந்தோம். நான் அதையே இறக்கித் தையலைப் பிரித்தேன். துளிகூடத் தயங்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், நான் ஒன்றும் உத்தமி இல்லை. அந்த அம்மா ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தார். டக்கென்று உடைந்தது. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சாரிடம் ஏதோ சொன்னார். நல்ல சோளம், எங்கள் ஊரில்கூட இப்படி விளைந்து பல நாளாகிறது என்கிறார் என்று சார் சொன்னார்.

அந்த முகத்தைப் பார்த்தேன், என்னால் தாங்க முடியவில்லை.

"சார், அதைப் பார்த்து நம்பிட வேண்டாம்னு சொல்லுங்க," என்றேன். "மேல் வரிசை மட்டும்தான் நல்லது. மத்ததுலெல்லாம் பூசணம் கலந்திருக்கு. நான்தான் கலந்தேன்."

சார் என்னையே பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, யார்மேல் என்று தெரியாத கோபம். சொல்லுங்க சார், நீங்க சொல்லலேன்னா நானே கையைக் காலை ஆட்டிச் சொல்லுவேன் என்று கத்தினேன். அவர் சொன்னார். குரல் இறங்கி, பாதி வார்த்தையை முழுங்கிச் சொன்னார்.

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. கீழ் வரிசையில் இருந்த ஒரு மூட்டையைத் தொட்டுக் காட்டினார். பிரித்தேன். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து முறத்தில் பரப்பினார். ஒவ்வொரு மணியாக விரலால் தள்ளினார். நல்லது ஒரு பக்கம், பச்சைப் பொடி பூத்தது ஒரு பக்கம். அவர் அதிகாரி அல்லவா, இது அவருக்குத் தெரிந்த வேலை. கெட்ட பக்கம் ஏறிக்கொண்டே போனது. எனக்கு அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது.

நான் ஒரு பைத்தியக்காரி, அப்போதும் ஒரு சமாதானம் தேடினேன். கழுவி, நன்றாக வேகவைத்தால் போய்விடும் இல்லையா என்று அவரிடம் கேட்கும்படி சாரிடம் சொன்னேன். அந்த அம்மா முறத்தை விட்டுப் பார்வையை எடுக்காமலே பதில் சொன்னார். கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. ஒரு பஞ்ச காலத்தில் அவர் ஊரில் இப்படிப்பட்ட சோளத்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள். கெட்டது என்று தெரிந்தேதான் சாப்பிட்டார்கள், வேறு இல்லை. முதலில் கண் மஞ்சளாகும், பிறகு வயிறு ஊதும். அவருடைய அக்கா மகள் அப்படித்தான் போனாளாம். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை.

இதைச் சார் சொல்லி முடித்தபோது என் வீட்டுக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வந்து எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. வாசலில் யார் பசி என்று வந்து நின்றாலும் பழையதைப் போடாதே, சுடுசோறு போடு என்கிறவர். அவர் என் தோளைத் தொட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"இந்தா, எதுக்கு எல்லாத்தையும் போட்டு உடைக்கிற? அவங்களுக்குச் சும்மா குடுக்கிறதுதானே."

இருபத்தெட்டு வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறேன், அந்த மாதிரி ஒரு வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. அதைவிட என்னை உலுக்கினது வேறு. அந்த வார்த்தை எனக்குப் புதிதாகப் படவில்லை. யாரோ எங்கேயோ சும்மா வாங்கித் தின்கிறவர்கள்தானே என்று நானும் எனக்குள் சொல்லிக்கொண்டு சமாதானமாகியிருப்பேன், இந்த அம்மா மாத்திரம் வராமல் இருந்திருந்தால். அந்த அம்மா சாரைப் பார்த்தார், இவர் என்ன சொன்னார் என்று. சார் அதைச் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

"விலைக்கு வாங்குற கோழிக்காரன் திருப்பி அனுப்புறான். சும்மா வாங்குறவங்க வாயைத் திறக்க மாட்டாங்கன்னுதானே அந்த ஏஜென்ட் நம்மகிட்ட வந்திருக்கான்," என்றேன் வீட்டுக்காரரிடம். சொன்ன பிறகுதான் எனக்கே அது முழுசாக உறைத்தது. அந்த ஏஜென்ட்டுக்கு எல்லாம் தெரியும். எங்களைத் தேடி வந்ததே அதற்காகத்தான். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு மிஷின் பக்கம் போய்விட்டார்.

நான் அரிவாளை எடுத்து அடுக்கியிருந்த மூட்டைகளின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தேன். இரண்டு பெண்கள், அது எங்க காட்டுச் சோளம், நீ யாருடி அறுக்க என்று சண்டைக்கு வந்தார்கள். நியாயம்தான், கேட்க வேண்டியதுதான். நான் கேட்கவில்லை. நாத்தனார் முதலில் என் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு விட்டுவிட்டு அவளும் ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்து அடுக்கில் இருந்து அறுத்துக்கொண்டு வந்தாள். அழுதுகொண்டேதான் அறுத்தாள்.

சத்தம் ஓய்ந்ததும் அந்த அம்மா எழுந்தார். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னிடம் நேராகவே ஏதோ கேட்டார். சார் சொல்வதற்கு முன்னாலேயே எனக்கு விளங்கிவிட்டது. இதற்கு முன்னால் எத்தனை லோடு போயிருக்கிறது?

நான் மூன்று விரலைக் காட்டினேன்.

சாருடைய காரிலேயே அரியலூருக்குக் கிளம்பினோம். நானும் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சமைத்தது அப்படியே கிடந்தது. எங்கள் பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, எந்தச் சரக்கு தூரதேசம் போனாலும் அரியலூர் போய்த்தான் போக வேண்டும். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது அந்த அம்மா ஜன்னல் வழியாக இரண்டு பக்கத்துச் சோளக்காட்டையும் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. சார் யார் யாருக்கோ போன் பண்ணிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

குடோனில் வெள்ளை மூட்டைகள் கூரை வரைக்கும் நின்றன. எங்கள் ஊர்ச் சரக்கு மட்டும் இல்லை, பல ஊரிலிருந்தும் வந்தது. எல்லாம் ஒரே சாக்கு, ஒரே எழுத்து. எது எந்த ஊர் லோடு என்று குடோன்காரருக்கே சொல்லத் தெரியவில்லை, சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு முழித்தார். எனக்குத் தெரியும். எங்கள் களத்தில் மூட்டை வாயைத் தைக்கும்போது கடைசியில் இரட்டை முடிச்சுப் போட்டு நூலை உள்ளே தள்ளிவிடுவோம். அது நான் பழக்கினது, வேறு களத்தில் அப்படிச் செய்வதில்லை. நான் ஏணி வைத்து ஏறி, முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இது எங்களுது, இது எங்களுது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கீழே நின்ற லோடுமேன்கள் சாக்பீஸால் குறி போட்டார்கள். புழுதி மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே ஒரு அடுக்கு பாக்கியில்லாமல் தேடினேன்.

இரண்டு லோடு கிடைத்தது. மூன்றாவது இல்லை.

குடோன்காரர் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது முன்னாலேயே போய்விட்டது என்றார். எது போனது என்று கேட்டேன். முதலில் வந்ததுதான் முதலில் போகும், அதுதானே முறை என்றார். எங்கள் முதல் லோடு. இரண்டுக்கு ஒன்று கலந்தது. அங்கேயே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். சார் துறைமுகத்துக்கு யார் மூலமாகவோ பேசிப் பார்த்தார். கப்பலில் ஏற்றியாகிவிட்டது, கப்பலும் கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது. மேலே தெரிவிக்கிறோம், இறங்குகிற இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்கிறோம் என்றார்களாம். சோதிப்பார்கள், குத்தூசி போடுவார்கள். அத்தனை ஊர் மூட்டைக்கு நடுவில் எங்கள் மூட்டை எது என்று அங்கே யாருக்குத் தெரியும்? அந்த முடிச்சு எனக்குத்தான் தெரியும், நான் இங்கே இருக்கிறேன்.

அந்த அம்மா தன் நாட்டு அதிகாரிகளுக்குப் பேசினார். நீளமாக, ஒவ்வொரு வார்த்தையாக, கோபப்படாமல் பேசினார். முடிச்சைப் பற்றியும் சொன்னார்போல, விரலால் காற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டினார், போனில் இருப்பவருக்குத் தெரியுமா என்ன. பிறகு இன்னொரு நம்பரைப் போட்டார். இந்தத் தடவை பேச்சு வேறு மாதிரி இருந்தது. இங்கிலீஷ் இல்லை. குரல் குழைந்து, சின்னப்பிள்ளை பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அவர் தன்னைப் பெற்ற அம்மாவிடம் பேசுகிறார் என்று சொல்லாமலே தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசினார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அவர் திரும்பி, சாக்பீஸ் குறி போட்ட எங்கள் மூட்டைகளைப் பார்த்தார். போன் காதிலேயே இருந்தது.

நான் சாரிடம், "அவங்க அம்மா என்ன சொல்றாங்களாம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சார் அந்த அம்மாவிடம் மெல்லக் கேட்டு, அவர் சொன்னதை எனக்குச் சொன்னார்.

"சாக்கில நம்ம கொடி போட்ட சோளம் வந்தா தொடாதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்காங்க. அதுக்கு அவங்க அம்மா, அந்தக் கப்பல் வருதுன்னுதான் ஊரே பேர் குடுத்துட்டுக் காத்துக் கெடக்கு, அது வேண்டாம்னா வேற என்ன இருக்கு, நீயே சொல்லுன்னு கேக்கறாங்களாம்."